அகப்பக்கம் பிடித்திருக்கிறதா என்று மக்களிடம் கேட்பது எப்படி? புதிதாகக் கருத்தாய்வு செய்வோருக்கு

பினாங்கில் கோயில், தமிழ்ப்பள்ளி, சங்கம், புடவைக் கடை என்று பலரும் அகப்பக்கம் வைத்திருக்கிறார்கள். அதைப் புதுப்பித்து முடித்ததும் நிர்வாகக் குழுவில் யாராவது ஒருவர், “மக்களுக்குப் பிடிச்சிருக்கானு ஒரு சர்வே எடுத்திடுங்க” என்று சொல்வார். அந்த வேலை பெரும்பாலும் கணினி தெரிந்த ஒரு தம்பியின் தலையிலோ பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு தங்கையின் தலையிலோ விழும். இந்தக் கட்டுரை அவர்களுக்கானது.

முதலில் ஒன்றை மனத்தில் வையுங்கள். நம் மக்களிடம் நேரில் போய்க் கேட்டால் “நல்லா இருக்கு” என்றுதான் பதில் வரும். உழைத்தவர் மனம் நோகக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் வரும் பதில் அது. ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு பொத்தானைக்கூட இடம் மாற்ற முடியாது. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும், பதில் சொல்பவரைச் சங்கடப்படுத்தாமல் அவர் உண்மையில் என்ன நினைக்கிறார் என்று தெரிந்துகொள்வதற்காகத்தான்.

என்ன செய்யப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கேள்விகளை எழுத உட்காரும் முன் ஒரு தாளில் இப்படி எழுதுங்கள்: “இந்தப் பதில் குறைவாக வந்தால் நாங்கள் இதை மாற்றுவோம்.” ஒரு கேள்விக்கு இந்த வரியை எழுத முடியவில்லை என்றால் அந்தக் கேள்வி வேண்டாம்.

ஒரு கோயிலின் அகப்பக்கத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே வருபவருக்குப் பெரும்பாலும் மூன்று வேலைகள்தான்: திருவிழா நாள், நேரம் பார்ப்பது, திருமண மண்டபத்தின் வாடகை தெரிந்துகொள்வது, அன்னதானத்துக்கு நன்கொடை கொடுப்பது. முகப்பில் ஓடும் படங்களை எடுத்துவிடலாமா, மண்டப வாடகையை மெனுவில் தனியாக வைக்கலாமா, தமிழ் எழுத்தைப் பெரிதாக்கலாமா என்பவைதான் குழு எடுக்க வேண்டிய முடிவுகள். கேள்விகள் இவற்றைச் சுற்றியே இருக்கட்டும். “எங்கள் அகப்பக்கத்தின் நிறம் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?” என்று கேட்டுவிட்டு, பாதிப் பேர் இல்லை என்றாலும் நிறத்தை மாற்றும் எண்ணம் குழுவுக்கு இல்லையென்றால், பதில் சொன்னவரின் நேரம் வீண்.

மனநிறைவைப் பிரித்துப் பாருங்கள்

“வடிவமைப்பு திருப்தியா?” என்ற ஒரே கேள்விக்குள் குறைந்தது நான்கு கேள்விகள் இருக்கின்றன. பார்க்க அழகாக இருக்கிறதா? தேடியது கிடைத்ததா? படிக்க முடிந்ததா? பணம் கட்டும் அளவுக்கு நம்பிக்கை வந்ததா? ஒருவருக்கு அழகு பிடித்திருக்கலாம், வாடகை கிடைத்திருக்காது. இன்னொருவருக்கு எல்லாம் கிடைத்திருக்கும், ஆனால் வங்கி விவரம் தரத் தயங்கியிருப்பார்.

அழகைத் தனியாகக் கேட்பதற்கு வலுவான காரணம் உண்டு. ஒரு பக்கம் ஈர்க்கிறதா இல்லையா என்பதை மனிதர்கள் 50 மில்லி விநாடி பார்த்ததிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள் என்று கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிட்டே லிண்ட்கார்டும் அவர் குழுவினரும் 2006-இல் காட்டினார்கள். அதற்கும் முன்பே, 1995-இல், ஜப்பானிய ஆய்வாளர்கள் குரோசுவும் காஷிமுராவும் பணம் எடுக்கும் இயந்திரத்தின் திரை அமைப்புகளை மக்களிடம் காட்டியபோது, அழகாகத் தெரிந்தவற்றையே மக்கள் ‘பயன்படுத்த எளிது’ என்றும் மதிப்பிட்டார்கள். கண்ணுக்குப் பிடித்துவிட்டால் கை பட்ட சிரமம் மறந்துபோகிறது. அதனால்தான் கருத்து மட்டும் கேட்டால் போதாது என்கிறேன். ஒரு சிறு வேலையைக் கொடுத்து, அது முடிந்ததா என்றும் பாருங்கள். “வரும் சனிக்கிழமை மண்டபம் எடுக்க எவ்வளவு ஆகும் என்று கண்டுபிடியுங்கள்” என்று சொல்லிவிட்டு, அதன்பின் கேள்விகளைக் கொடுங்கள்.

இருக்கும் அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள்

எல்லாக் கேள்வியையும் நீங்களே எழுத வேண்டியதில்லை. பயன்பாட்டு எளிமையை அளக்க உலகம் முழுக்கப் பயன்படும் அளவுகோல் சிஸ்டம் யூசபிலிட்டி ஸ்கேல். சுருக்கமாக எஸ்.யு.எஸ். இங்கிலாந்தில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் புரூக் 1986-இல் உருவாக்கி, 1996-இல் வெளியிட்டது. மொத்தம் 10 கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் 1 (சிறிதும் ஒப்பவில்லை) முதல் 5 (முழுக்க ஒப்புகிறேன்) வரை பதில். ஒற்றைப்படை எண் கொண்ட கூற்றுகள் பாராட்டாகவும் இரட்டைப்படை எண் கொண்டவை குறையாகவும் இருக்கும். எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு 4 போடுபவரைக் கண்டுபிடிக்க இந்த மாறிமாறி வரும் அமைப்பு உதவும்.

மதிப்பெண் கணக்கில் பலர் தடுக்கி விழுவதால் ஒருமுறை போட்டே பார்ப்போம். ஒருவர் தந்த பதில்கள் வரிசையாக 4, 2, 4, 1, 3, 2, 4, 2, 4, 3 என்று வைத்துக்கொள்வோம். ஒற்றைப்படைக் கூற்றுகளில் பதிலிலிருந்து 1-ஐக் கழிக்க வேண்டும்: 3, 3, 2, 3, 3, கூட்டினால் 14. இரட்டைப்படைக் கூற்றுகளில் 5-இலிருந்து பதிலைக் கழிக்க வேண்டும்: 3, 4, 3, 3, 2, கூட்டினால் 15. இரண்டும் சேர்ந்து 29. அதை 2.5-ஆல் பெருக்கினால் 72.5. இதுதான் அவருடைய மதிப்பெண். எல்லோருடைய மதிப்பெண்ணையும் இப்படிக் கண்டுபிடித்துப் பிறகு சராசரி எடுங்கள்.

இந்த 72.5 விழுக்காடு அல்ல. “72.5 விழுக்காட்டினர் திருப்தி” என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில் சராசரி 68-ஐ ஒட்டி வருகிறது. அதற்கு மேல் என்றால் நடுத்தரத்தைவிட நன்று. கீழே என்றால் கவனிக்க வேண்டும்.

முதல் கூற்று ‘இதை அடிக்கடி பயன்படுத்த விரும்புவேன்’ என்பது. மண்டபம் எடுக்க வந்தவருக்கு இது பொருந்தாது. வீட்டில் கல்யாணம் அடிக்கடி வருமா என்ன? அந்தக் கூற்றை விட்டுவிட்டு மீதி ஒன்பதுக்கும் வந்த மொத்தத்தை 100-ஆல் பெருக்கி 36-ஆல் வகுக்கலாம். விட்டதை அறிக்கையில் சொல்லிவிடுங்கள்.

எஸ்.யு.எஸ். அழகை அளக்காது. அதற்கு மோஷாகன், தீல்ஷ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட விஸ்ஆவி என்ற அளவுகோல் இருக்கிறது. எளிமை, பல்வகைமை, வண்ணம், கைத்திறன் என்று நான்கு கோணங்களிலிருந்து 18 கூற்றுகள். நான்கே கூற்றுகள் கொண்ட சுருக்க வடிவமும் உண்டு. சிறிய ஆய்வுக்கு அதுவே போதும்.

தமிழில் கேள்வி எழுதுவது

இங்கேதான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். நம்மூரில் பதில் சொல்பவர் வீட்டில் தமிழ், வேலையில் மலாயும் ஆங்கிலமும் பேசுபவராக இருப்பார். ஆங்கில அளவுகோலை அப்படியே கொடுத்தால் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். எஸ்.யு.எஸ்.-இன் எட்டாவது கூற்றில் உள்ள ஒரு சொல், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களைத் தடுமாற வைக்கிறது என்று ஃபின்ஸ்டாட் என்ற ஆய்வாளர் 2006-இலேயே எழுதினார். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் வையுங்கள். பதில் சொல்பவரே தேர்ந்தெடுக்கட்டும். ஒருவர் ஆங்கில மூலத்தைத் தமிழில் எழுத, அந்த மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் தமிழை ஆங்கிலத்துக்குத் திரும்பக் கொண்டுபோக, இரண்டு ஆங்கிலத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எங்கே பொருள் நழுவியது என்று தெரிந்துவிடும்.

மொழிபெயர்த்த தமிழ் விறைப்பாக வந்துவிடும் ஆபத்து உண்டு. ‘இவ்வகப்பக்கத்தின் வழிசெலுத்தல் அமைப்பு ஏற்புடையதாக உள்ளது’ என்று எழுதினால் பட்டர்வொர்த்தில் இருக்கும் அத்தைக்கு என்ன புரியும்? ‘நான் தேடியது எங்கே இருக்கிறது என்று சீக்கிரம் கண்டுபிடிக்க முடிந்தது’ என்று எழுதுங்கள். பக்கம், மெனு, பட்டன், லிங்க் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த சொற்கள்.

ஒரு கேள்வியில் ஒரு விஷயம்தான் இருக்க வேண்டும். ‘எழுத்தும் படங்களும் தெளிவாக உள்ளன’ என்றால், எழுத்து தெளிவு, படம் மங்கல் என்பவர் எந்த எண்ணைத் தொடுவார்? ‘எங்கள் புதிய, எளிமையான அகப்பக்கம் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?’ என்று விடையைக் கேள்விக்குள் வைக்காதீர்கள். ‘இல்லாமல் இல்லை’ போன்ற இரட்டை எதிர்மறை வேண்டவே வேண்டாம்.

விடைகளின் பெயர்களும் முக்கியம். 1932-இல் அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லிக்கர்ட் அறிமுகப்படுத்திய முறைதான் இந்த ஐந்து படி விடை. நடுவில் ‘நடுநிலை’ வைப்பார்கள். ‘தெரியவில்லை’, ‘பயன்படுத்தவில்லை’ என்பவை நடுநிலை ஆகாது. நன்கொடைப் பக்கத்தைத் திறந்தே பார்க்காதவர் அங்கே 3 போட்டால் உங்கள் சராசரி கெட்டுவிடும். அவருக்கென்று தனியாக ஒரு கட்டம் வைத்து, கணக்கில் அதைச் சேர்க்காமல் விடுங்கள்.

“நல்லா இருக்கு” பிரச்சினைக்கு எனக்குத் தெரிந்த சிறந்த வழி, குறை சொல்வதை மரியாதைக்குரிய செயலாக மாற்றுவது. ‘பக்கத்தில் குறை உண்டா?’ என்று கேட்டால் இல்லை என்பார்கள். ‘ஒரே ஒரு இடத்தை மட்டும் மாற்றலாம் என்றால் எதை மாற்றச் சொல்வீர்கள்?’ என்று கேளுங்கள். ஏதோ ஒன்று மாறப்போவது உறுதி என்றாகிவிட்டது. அவர் உதவி செய்பவர் ஆகிவிடுகிறார். இதேபோல், ‘இந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகும் அலுவலகத்துக்குப் போன் அடிக்க வேண்டியிருந்ததா? எதற்காக?’ என்ற கேள்வி, நடந்ததைச் சொல்லச் சொல்கிறது. யாரையும் பழிப்பதாக அவருக்குத் தோன்றாது. எதைத் தேடிக் கிடைக்காமல் போன் அடித்தார் என்பது மதிப்பெண்களைவிட அதிகம் சொல்லும்.

வயது, சாதனம், எத்தனை முறை வந்தார் போன்ற சொந்த விவரங்களைக் கடைசியில் வையுங்கள். கைப்பேசியா கணினியா என்பதை மறக்காமல் கேளுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளம். கணினியில் ஒரே வரியில் நிற்கும் ‘அன்னதான நன்கொடை வழங்க’ என்ற பட்டன் சிறிய திரையில் மூன்று வரியாக உடைந்து, கடைசிச் சொல் பாதி மறைந்து நிற்கும். கணினியில் பார்த்தவருக்கு இது தெரியவே தெரியாது.

மொத்தத்தில் ஐந்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும்.

அனுப்பும் முன் சிலரிடம் கொடுத்துப் பாருங்கள்

ஒரு தாத்தா, ஒரு மாணவி, தமிழ் படிக்கத் தெரியாமல் பேச மட்டும் தெரிந்த ஒருவர் என்று பலதரப்பட்ட ஐந்து முதல் எட்டுப் பேரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேள்விகளை நிரப்பச் சொல்லுங்கள். “ஆன்ட்டி, இந்தக் கேள்வி என்ன கேக்குதுனு உங்க வார்த்தையில சொல்லுங்க” என்று கேளுங்கள். அவர் சொல்வதும் நீங்கள் நினைத்ததும் ஒன்றாக இல்லையென்றால் கேள்வியைத் திருத்துங்கள். அவரைத் திருத்தாதீர்கள். இந்தப் படியைத் தவிர்ப்பவர்கள் நூறு பதில் வந்தபிறகு அந்தத் தவற்றைக் கண்டுபிடிப்பார்கள். அப்போது எதுவும் செய்ய முடியாது.

யாரிடம், எத்தனை பேரிடம்

மலேசியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளில் கிரெஜ்சி, மோர்கன் இருவரும் 1970-இல் வெளியிட்ட அட்டவணையை அடிக்கடி பார்க்கலாம். எத்தனை பேரைக் கேட்க வேண்டும் என்பதற்கான அட்டவணை அது. மொத்தம் 1,000 பேர் என்றால் 278, 10,000 பேர் என்றால் 370 என்று சொல்லும். கூட்டம் எவ்வளவு பெரிதானாலும் 384-ஐத் தாண்டாது. 384 பேர் என்றால் விழுக்காட்டில் ஏறக்குறைய 5 மேலே கீழே பிழை இருக்கலாம். 100 பேர் என்றால் ஏறக்குறைய 10.

இந்த எண்கள் எல்லாம் குலுக்கல் முறையில் ஆளைத் தேர்ந்தெடுத்தால்தான் செல்லும். உங்கள் வாட்சாப் குழுக்களில் லிங்கைப் போட்டு 384 பதில் சேர்த்துவிட்டால் அட்டவணையின் உறுதி வந்துவிடாது. குழுவில் இருப்பவர்கள் ஏற்கெனவே கோயிலோடு நெருக்கமானவர்கள். பெயர்ப் பட்டியல் இருந்தால் அதிலிருந்து குலுக்கி எடுங்கள். இல்லையென்றால், கிடைத்தவரைக் கேட்டோம் என்று நேர்மையாக எழுதிவிட்டு, வகைவகையான ஆட்கள் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பினாங்குத் தீவில் இருப்பவர் மட்டும் போதாது. எதிர்க்கரையில் உள்ள பிறை, பட்டர்வொர்த்தில் இருந்து வருபவர்களும் வேண்டும். தூரத்தில் இருப்பவர்தான் நேரில் போகாமல் அகப்பக்கத்தை நம்புகிறவர். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் மாலை நேரத்தில் நின்று, வருகிற ஐந்தாவது ஆளை மட்டும் கேட்பது என்று விதி வைத்துக்கொண்டால், சிரித்த முகமாகப் பார்த்துக் கேட்கும் பழக்கம் குறையும்.

பக்கத்தில் இருக்கும் சிக்கல்களைக் கண்டுபிடிப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் 20, 30 பேர் போதும். இரண்டு வகை ஆட்களை ஒப்பிடுவதானால் ஒவ்வொன்றிலும் அந்த அளவுக்காவது வேண்டும்.

எப்போது, யார் கேட்பது

பக்கம் திறந்தவுடன் முகத்தில் அடிக்கிற மாதிரி கேள்விப் பெட்டி வரக் கூடாது. நன்கொடை முடிந்த பிறகு வரும் நன்றிப் பக்கத்தில் வையுங்கள். ஆனால் அங்கே வந்தவர்கள் வேலையை முடித்தவர்கள். பாதியில் போனவர்கள் அங்கே இருக்க மாட்டார்கள். அவர்களைப் பிடிக்க, தொடர்புப் பக்கத்திலும் அலுவலகக் கவுண்டரிலும் கியூஆர் குறியீடு ஒட்டுங்கள். போன் அடித்துக் கேட்டவரும் நேரில் வந்து கேட்டவரும்தான் அகப்பக்கம் கைவிட்ட ஆட்கள்.

நேரில் கேட்பது என்றால், கோயில் செயலாளரோ பள்ளித் தலைமையாசிரியரோ பக்கத்தில் நிற்கக் கூடாது. வடிவமைத்தவரும் வேண்டாம். நிர்வாகத்தோடு தொடர்பில்லாத ஒரு மாணவர் கைப்பேசியைக் கையில் கொடுத்துவிட்டு இரண்டடி தள்ளி நிற்கட்டும். தைப்பூசம், தீபாவளியை ஒட்டிய வாரங்களில், அந்த விழாப் பக்கத்தைப் பற்றித்தான் ஆய்வு என்றால் ஒழிய, தொடங்காதீர்கள். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுக்கும் பரபரப்பில் இருப்பவரிடம் மெனு அமைப்பைப் பற்றிக் கேட்டு என்ன பயன்?

கூகுள் ஃபார்ம்ஸ் இலவசம், தமிழ் ஒழுங்காகத் தெரியும். ‘ஒருவருக்கு ஒரு பதில்’ என்ற அமைப்பைப் போட்டால் கூகுள் கணக்கில் உள்நுழையச் சொல்லும். கடவுச்சொல் மறந்த பெரியவர்கள் அங்கேயே திரும்பிவிடுவார்கள். அதை விட்டுவிடுவதே நல்லது.

தனிப்பட்ட தகவல்

மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டு 2013 நவம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்தது. வணிகப் பரிவர்த்தனைகளில் தகவல் கையாள்வோருக்கானது. எதற்காகத் தகவல் வாங்குகிறோம் என்ற அறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்கிறது; தமிழை நாமாகச் சேர்க்கலாம். சமய நம்பிக்கையை அது கூடுதல் கவனத்தோடு கையாள வேண்டிய தகவல் என்று வகைப்படுத்துகிறது. உங்கள் அமைப்புக்குச் சட்டம் பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும், இதே ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள். பெயர், அடையாள அட்டை எண் எதுவும் வாங்காதீர்கள். பரிசு கொடுப்பதானால், போன் எண்ணை வேறு ஃபார்மில் வாங்கி, பதில்களோடு சேராமல் வைத்து, பரிசு கொடுத்ததும் அழித்துவிடுங்கள். பெயர் இல்லை என்று தெரிந்தால்தான் மனம் திறந்து எழுதுவார்கள்.

பதில்களைப் படிப்பது

முதலில் ஒரு தொழில்நுட்பச் செய்தி. பதில்களை சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணைக் கோப்பு) இறக்கி எக்செலில் இரட்டைச் சொடுக்கு கொடுத்துத் திறந்தால் தமிழ் எழுத்துகள் புரியாத குறிகளாக வரக்கூடும். கோப்பு கெடவில்லை, பயப்பட வேண்டாம். கூகுள் ஷீட்ஸில் திறந்து பாருங்கள். அல்லது எக்செலின் தரவு இறக்குமதி வழியாகப் போய் யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையைத் தேர்ந்தெடுங்கள்.

சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். 20 பேரில் 10 பேர் 5-உம் 10 பேர் 2-உம் போட்டால் சராசரி 3.5. பரவாயில்லை என்று தோன்றும். உண்மையில் அங்கே ‘பரவாயில்லை’ என்றவர் ஒருவரும் இல்லை. ஒவ்வொரு எண்ணையும் எத்தனை பேர் தொட்டார்கள் என்று பட்டை வரைபடம் போடுங்கள். பிறகு கைப்பேசிக்காரர், கணினிக்காரர் என்று பிரித்துப் பாருங்கள், வயதால் பிரியுங்கள், தமிழ்ப் படிவம் நிரப்பியவர், ஆங்கிலப் படிவம் நிரப்பியவர் என்று பிரியுங்கள். அந்த 2 போட்ட பத்துப் பேரும் கைப்பேசியில் பார்த்தவர்கள் என்று தெரிந்தால், எங்கே கை வைக்க வேண்டும் என்பது தானே தெரிந்துவிடும்.

ஆய்வேடு எழுதும் மாணவர்கள் குரோன்பாக் ஆல்ஃபாவும் கணக்கிட வேண்டியிருக்கும். கூற்றுகள் எல்லாம் ஒரே விஷயத்தை அளக்கின்றனவா என்று காட்டும் எண் அது. 0.7-க்கு மேல் இருந்தால் ஏற்பார்கள். குறைக் கூற்றுகளின் எண்களைத் திருப்பிப் போட்ட பிறகே (5 என்றால் 1, 4 என்றால் 2) கணக்கிடுங்கள்.

எழுதிய கருத்துகளை இருவர் தனித்தனியாகப் படித்து, கண்ணில் பட்ட விஷயங்களுக்குத் தலைப்பு வைத்து, பிறகு ஒப்பிடுங்கள். ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: “நல்லாதான் இருக்கு. மண்டப வாடகை எங்கனு தெரியல, கடைசியா ஆபீசுக்கே போன் அடிச்சேன்.” இது ‘பாராட்டு’ என்ற கட்டத்தில் விழக் கூடாது. முதல் வாக்கியம் மரியாதை, இரண்டாவதுதான் செய்தி. அதற்கு ‘வாடகை கிடைக்கவில்லை’ என்று தலைப்பிட்டு, எத்தனை பேர் அதையே சொல்லியிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள்.

குழுவுக்குக் கொடுக்கும் அறிக்கை இரண்டு பக்கம் போதும். எந்த மூன்று இடங்களை முதலில் மாற்ற வேண்டும், அதற்கு எந்தப் பதில்கள் சான்று, யாரிடம் கேட்டோம், யாரைக் கேட்க முடியவில்லை. மக்கள் எழுதிய வரிகளில் நான்கைந்தை அவர்கள் வார்த்தையிலேயே சேருங்கள்; வரைபடத்துக்கு அசையாத குழு உறுப்பினரும் அந்த வரிகளைப் படித்தால் நிமிர்ந்து உட்காருவார். மாற்றங்கள் முடிந்து இரண்டு மூன்று மாதம் ஆனதும் அதே கேள்விகளை, ஒரு சொல்லும் மாற்றாமல், அதே வகையான ஆட்களிடம் மறுபடி கொடுங்கள். அதற்காக இப்போதே மூன்று மொழிக் கேள்விகளையும் எங்கே, எப்போது, யார் கேட்டார்கள் என்ற குறிப்பையும் குழுவின் பொதுக் கணக்கில் ஏற்றி வையுங்கள். உங்கள் சொந்தக் கணக்கில் இருந்தால், நீங்கள் வேலைக்காகக் கோலாலம்பூருக்குப் போன பிறகு அடுத்தவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.